பழந்துணியில் புதிய தலையணி

நமது தர்மபுரி ஜில்லாக் கிராமங்களில், உடுத்துக் கழித்த துணி சாதாரணமாக மூன்று வழிகளில் வீட்டைவிட்டுப் போகிறது. கால்சட்டை, நைலான் சேலை, சரிகை வைத்த சேலை ஆகியவற்றைப் பாத்திரக்காரர் வாங்கிக்கொண்டு ஒரு தூக்கோ பிளாஸ்டிக் வாளியோ கொடுத்துச் செல்கிறார். நைந்த பருத்திச் சேலைக்கும் வேஷ்டிக்கும் அவர் அவ்வளவாக மதிப்புத் தருவதில்லையாதலால், அவை தூளியாகவோ அடுப்படித் துணியாகவோ மாறுகின்றன. எஞ்சியவை குப்பைமேட்டை அடைகின்றன. இம்மூன்று வழிகளுக்கும் முன்னால் நாலாவதாக ஒரு வழியைச் சங்கத்து அங்கத்தினர்கள் ஆலோசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கழித்த துணியைக் கொண்டு வெயிலுக்கு உகந்ததும் பார்வைக்கு நாகரிகமானதுமான தொப்பிகளைத் தைத்து, முதலில் நமக்கும், பிறகு விலைக்கும் உபயோகிக்கலாம்.

இது நமக்கு முற்றிலும் புதிய யோசனை அன்று. பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களிலாயினும், அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் கொல்லைகளிலாயினும், கூலி வேலை செய்யும் ஸ்திரீகளைப் பாருங்கள். சேலைக்குமேல் கணவனது அல்லது மகனது பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றியிருப்பார்கள். பழைய சட்டை வேலை உடுப்பாக மாறிய இவ்வழக்கத்தை எந்தச் சர்க்கார் இலாகாவும் கற்பிக்கவில்லை. வெயிலும் சுனையும் கற்பித்தன. அவ்வாறே குடம் சுமக்கும் தலைக்குப் பழந்துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாடு, நம்மவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுள்ள தலையணியேயாகும். ஆனால் துண்டு உச்சந்தலையைக் காக்கிறதேயன்றி முகத்தையும் காதையும் பிடரியையும் காப்பதில்லை. அதற்கு விளிம்பு வேண்டும்.

விளிம்பு வைத்த தொப்பியென்றால் நம் மூத்தோர் சிலர் நகைக்கக்கூடும். தொப்பி துரைமாருக்கும் போலீஸாருக்கும் உரியதென்ற எண்ணம் இன்னும் முற்றாக மறையவில்லை. அன்றியும், தலையில் அணிவது என்பது நம் நாட்டில் வெறும் வெயில் சம்பந்தமான விஷயமாக மட்டும் இருந்ததில்லை. உழைக்கும் ஜாதியார் மேல்ஜாதியாரின் தெருவில் நடக்கையில் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டுமென்ற கொடிய வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்தது. ஆகவே ஒருவர் தலையில் எதை வைக்கிறோம் என்பது அவருடைய மானத்தைப் பற்றியதும் ஆகும். ஒட்டுப்போட்ட கந்தலைத் தொப்பியென்று சொல்லித் தருமமாகக் கொடுத்தால், வாங்குகிறவர் அதனை வீட்டுக்கு வெளியே அணியமாட்டார். அவர் அணியாததும் நியாயமே. பழந்துணித் தொப்பி அழகாக இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இக்காரணத்தாலேயே.

தலையணிகளின் சரித்திரத்தைச் சற்றுக் கவனித்தால், நாகரிகம் என்று பிறகு பெயர் பெற்றவற்றுள் பல, உழைப்பிலும் சிக்கனத்திலும் பிறந்தவை என்பது விளங்கும். காந்தித் தொப்பியை எடுத்துக்கொள்வோம். 1919, 1920 ஆண்டுகளில் காந்தியடிகள் இந்தியாவின் பல மாகாணத்துத் தலையணிகளையும் ஆராய்ந்து, காஷ்மீரத்துத் தொப்பியின் அமைப்பே தகுதியானது என்று தேர்ந்தெடுத்ததைக் காகா காலேல்கரிடம் விளக்கியிருக்கிறார். அத்தொப்பி இலேசானது, தைப்பது எளிது, மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம். கம்பளியில் இருந்த அதனை அவர் பருத்தித் துணிக்கு மாற்றினார். வியர்வை அழுக்கு உடனே தெரியும், தெரிந்தால் துவைத்தே தீரவேண்டும் என்பதற்காகவே வெண்ணிறத்தைக் கொண்டார். துணியின் அளவு, தையலின் சுலபம், துவைப்பு ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிட்டுச் செய்த அத்தொப்பி தேசமெங்கும் பரவிற்று. அதை வகுத்தவரே 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில், உடுக்கத் துணியில்லாத ஏழைகளை எண்ணி, தொப்பியையும் மேலுடையையும் களைந்து அரைத்துணிக்கு மாறினார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இங்கிலாந்தில் நடந்தது வேறொரு விதம். இரண்டாவது உலக யுத்தத்தில், 1941 ஜூன் முதல் தேதியன்று அங்கு உடைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. 1949 மார்ச்சு வரையில் அது நீடித்தது. 1943-ல், இருப்பதைப் பழுது பார்த்து உடுத்தும்படி அந்நாட்டுச் சர்க்கார் ஒரு பிரசுரமே வெளியிட்டுத் தையல் முறைகளைக் கற்பித்தனர். யுத்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்ற ஸ்திரீகளின் கூந்தல் யந்திரத்தில் சிக்காமலிருக்கும் பொருட்டுத் தலையில் ஒரு துணியைச் சுற்றி நெற்றிமேல் முடிந்தார்கள். கையிலிருந்த எந்தத் துணியும் அதற்குப் போதும். நாளடைவில் சீமாட்டிகளும் அவ்விதமே முடியத் தொடங்கினர். இன்று நகரத்து வாலிபர் விரும்பி அணியும், வாளி கவிழ்த்தாற்போன்ற தொப்பியும், மேல்நாட்டில் மீன் பிடிப்போரும் பண்ணையாட்களும் அணிந்திருந்த மழைத் தொப்பியின் வழிவந்ததே. அதனையே நாம் மாதிரியாகக் கொள்கிறோம்.

முதலில் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழந்துணித் தையலில் பிழை பெரும்பாலும் கத்தரி எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. பருத்தியா, செயற்கை நூலா என்பதை அறிய, ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுக. பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். தலையைத் தொடும் உட்பாகத்துக்குப் பருத்தியைத் தவிர வேறொன்றும் ஆகாது, அது வியர்வையை உறிஞ்சுவதால். மேற்பாகத்துக்குக் கலப்புத் துணியும் ஆகும். அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரியும் இடம் நைந்த இடம். இரு கைகளாலும் இழுத்துப் பார்த்து, இழை விலகும் பாகத்தை ஒதுக்கிவிட வேண்டும். சட்டையில் கழுத்துப்பட்டையும் அக்குளும், கால்சட்டையில் முழங்காலும் பெரும்பாலும் பயனற்றவை. சட்டையின் முதுகுப் பாகமும் கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பாகமும் நெடுநாள் கெடாதிருக்கும். நெருக்கமாக நெய்த துணியே வெயிலை நன்றாகத் தடுக்கிறது. அவ்வகையில் பழைய ஜீன்ஸ் துணிக்கு ஈடில்லை. சாயம் போகும் துணியை உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்கவேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதே சோதனை.

பிறர் உடுத்த துணியைத் தலையில் அணிவதற்குப் பலர் கூசுகிறார்கள். படர்தாமரை பரவும் என்ற அச்சம் காரணமற்றதும் அன்று. பருத்தித் துணிகளைச் சோப்பு நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து அலசி, கடும் வெயிலில் இருபுறமும் உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே வெட்ட வேண்டும். வெட்டுமுன் துவைப்பதில் இன்னோர் அனுகூலமும் உண்டு: சுருங்க வேண்டியது முன்னரே சுருங்கிவிடும்.

இனி வெட்டும் முறை. தலையின் சுற்றளவை நெற்றியின் நடுவும் காதுக்குச் சற்று மேலும் பின்மண்டையின் புடைப்பும் சேர நாடாவால் அளக்க வேண்டும். வயது வந்தவர்க்கு இது பெரும்பாலும் 55 முதல் 59 சென்டிமீட்டருக்குள் அமையும். 57 செ.மீ. தலைக்கு 1 செ.மீ. தளர்ச்சி கூட்டி, 58 எனக் கொள்வோம். தொப்பிக்கு மூன்றே உறுப்புகள்: உச்சி வட்டம், சுற்றுப்பட்டை, விளிம்பு. உச்சி வட்டத்தின் குறுக்களவு 18.5 செ.மீ. சுற்றுப்பட்டை 58 செ.மீ. நீளமும் 9 செ.மீ. உயரமும் உள்ள நேரான பட்டை. இவ்வளவும் சுலபம். விளிம்பில்தான் புதிதாகத் தைப்பவர் தவறுகிறார்கள். 58 செ.மீ. சுற்றளவுள்ள ஓட்டையைச் சுற்றி வளையமாக வெட்டித் தைத்தால், விளிம்பு தட்டுப்போல நேராக நீட்டிக்கொண்டு நிற்கும், காற்றில் எழும்பும், முகத்துக்கு நிழலும் குறையும். அது கீழ்நோக்கிச் சரிய வேண்டுமானால், வளையத்தைப் பெரிதாக வரைந்து ஒரு கீற்றை நீக்கிவிட்டு, வெட்டிய முனைகளை இணைக்க வேண்டும்.

கணக்கு இதுதான். கடினமான காகிதத்தில் 11 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும், அதே மையத்திலிருந்து 18.5 செ.மீ. ஆரத்தில் மற்றொரு வட்டமும் வரைக. உள்வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 69 செ.மீ. ஆகும். நமக்கு வேண்டியது 58. ஆகவே உள்வட்டத்தின்மேல் 11 செ.மீ. அளந்து, அவ்விரு புள்ளிகளுக்கும் மையத்திலிருந்து கோடிழுத்து, இடைப்பட்ட கீற்றை நீக்குக. 55 செ.மீ. தலைக்கு 13-ம், 59 செ.மீ. தலைக்கு 9-ம் நீக்கினால் போதும். விளிம்புக்கு ஒரே காகிதத்தில் மூன்று அளவும் அடங்கிவிடுகின்றன. உச்சி வட்டம் மட்டும் முறையே 17.8, 19.1 செ.மீ. குறுக்களவுக்கு மாறும். இவையெல்லாம் தையல் மடிப்புச் சேராத அளவுகள். துணியில் வைத்து வெட்டும்போது சுற்றிலும் 1 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். விளிம்பின் அகலம் இதில் 7.5 செ.மீ. வருகிறது. ஆஸ்திரேலியாவில் வெயிலால் தோலில் புற்றுநோய் மிகுதியாக வருவதால், பெரியவர்களின் தொப்பி விளிம்புக்கு அங்குள்ள சுகாதார ஸ்தாபனத்தார் சிபாரிசு செய்யும் அளவும் இதுவே.

ஒரு முழுக்கைச் சட்டையின் முதுகில் மேல்விளிம்பும் உச்சி வட்டமும் அடங்கும். கைகளிலிருந்து சுற்றுப்பட்டையை இரு துண்டாக எடுத்து இணைக்கலாம். கீழ்விளிம்பைக் கால்சட்டைத் துணியிலிருந்து நான்கு துண்டாக எடுத்து இணைத்தால் போதும். நிறம் கருத்திருந்தால், தரையிலிருந்து எழும் கூச்சத்தைத் தடுக்கும். பழைய பருத்திச் சேலையில் உச்சிக்கும் சுற்றுப்பட்டைக்கும் லைனிங் வெட்டிக்கொள்க.

தைக்கையில், சுற்றுப்பட்டையின் முனைகளை இணைத்தபின் அதனையும் உச்சி வட்டத்தையும் நான்காக மடித்துக் கால் புள்ளிகளைக் குறித்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்திய பின்னரே யந்திரத்தில் ஓட்ட வேண்டும். இல்லாவிடில் ஒரு பக்கம் சுருக்கம் சேரும். விளிம்பின் இரு துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, வெளியோரத்தைத் தைத்து, மடிப்பைப் பாதியாக நறுக்கித் திருப்பி, இஸ்திரி போட்டு, பின்பு முக்கால் செ.மீ. இடைவெளியில் வளையம் வளையமாகத் தையல் ஓட்டுக. அட்டையும் கான்வாஸும் இல்லாமல் விளிம்பு விறைப்பாக நிற்பது இத்தையல் வரிசைகளாலேயே. உள்ளோரத்தில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக, தையலை எட்டாதபடி சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் வளைவு படியும். கடைசியில் உள்மடிப்பை மூட, சேலைத் துணியில் குறுக்குச் சாய்வாக, அதாவது தையற்காரர் கிராஸ் என்று சொல்லும் வாக்கில், 4 செ.மீ. அகலப் பட்டை வெட்டி வைத்துத் தைக்க வேண்டும். வியர்வை வாங்கும் பட்டையும் அதுவே. ஜீன்ஸ் துணிக்கு 16-ம் நம்பர் ஊசி போடாமல் மெல்லிய ஊசியால் தைத்து, ஊசி முறிந்ததென்று யந்திரத்தைக் குறைகூறுவோர் உண்டு.

கடைகளில் விற்கும் தொப்பிகள் ஆண்களின் தலையை எண்ணிச் செய்யப்பட்டவை. கொண்டை போட்ட தலையில் அவை அமர்வதில்லை. பின்விளிம்பு கொண்டையில் முட்டி, முன்விளிம்பு கண்ணை மறைக்கும். நம் ஸ்திரீகளுக்குத் தைக்கும் தொப்பியில் காதுக்குப் பின்னிருந்து விளிம்பைப் படிப்படியாகக் குறைத்து, நடுப்பிடரியில் 4 செ.மீ. ஆக்கி, நிழலுக்குப் பதிலாகச் சேலைத்துணியில் ஒரு சாண் நீளத் தொங்கலை வைக்கலாம். ஆடிக் காற்றுக்கு மோவாய்க்கீழ் முடிய இரு நாடாக்கள் வேண்டும். மேலும், களை எடுத்தவள் சற்று நேரத்தில் புல்லுக்கட்டைச் சுமக்க வேண்டியவள். அப்போது தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சும்மாடு வைக்கும்படியாக இருந்தாலன்றி, அது வேலைக்கு உதவாது. அட்டையும் பிரம்பும் வேண்டாமென்று நாம் சொன்னதற்கு இதுவே காரணம். தொப்பி அணிந்ததனால் வெப்பநோய் வராது என்று யாரும் எண்ணவேண்டாம். தண்ணீரும், உச்சிவேளை ஓய்வும் அதனால் குறைக்கத்தக்கவை அல்ல.

சங்கம் செய்யவேண்டிய காரியம் யாது? நம் ஜில்லா 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. அதன்பின் 1989-ல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியின் உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் அமைக்கப்பட்டது இங்கேதான். கூடிச் சேமித்து, கூடிக் கடன் வாங்கும் பழக்கம் நம் ஸ்திரீகளுக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறைவாக இருப்பது அடக்கவிலைக் கணக்கு. பழந்துணி இனாமாகக் கிடைப்பதால் தொப்பியை மலிவாக விற்கலாம் என்று தொடங்கி, மூன்றாம் மாதத்தில் கைவிடும் முயற்சிகள் பல. துணி இனாம், ஆனால் துவைத்தலும் தையல் பிரித்தலும் தேர்ந்தெடுத்தலும் இனாம் அல்ல. புதுத்துணியை ஐம்பது மடிப்பாக அடுக்கி ஒரே தடவையில் வெட்டலாம். பழந்துணியை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட முடியும்.

உதாரணமாக, ஒரு தொப்பிக்குப் பிரிக்கவும் துவைக்கவும் அரை மணியும், வெட்டக் கால் மணியும், தைக்க ஒன்றேகால் மணியும் ஆகுமென்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் நான்கு தொப்பிகளே முடியும். நாட்கூலி 400 ரூபாய் என்று கொண்டால், கூலி மட்டும் தொப்பிக்கு 100 ரூபாய். நூல், நாடா, இஸ்திரி, யந்திரத் தேய்மானம் இதற்குமேல். நகரத்தில் புதுத்தொப்பி அதற்கும் குறைவாகக் கிடைக்குமானால், நம் தொப்பி மலிவினால் விற்காது; அமைப்பினாலும் அழகினாலும்தான் விற்க வேண்டும். இக்கணக்கை ஒவ்வொரு குழுவும் தன் சொந்த நேரத்தையும் கூலியையும் வைத்து, முதல் இருபது தொப்பிகளுக்காவது எழுதிப் பார்க்கட்டும். பிரிப்பதற்கு அதிக நேரம் பிடிக்கிறதென்று தெரிந்தால், தையலைப் பிரிக்காமல் அதன் ஓரமாகவே வெட்டியெடுத்து விடலாம். சிறிது துணி வீணாகும், நேரம் மிஞ்சும்.

அழகைப் பற்றி நமக்கு நம் ஜில்லாவிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி ஜனங்கள் வசிக்கும் தண்டாக்கள் உண்டு. கண்ணாடிச் சில்லுகளும் நிறநூலும் இழைத்த அவர்களுடைய எம்பிராய்டரி, பாவாடையையும் முக்காட்டையும் அணிசெய்தது. பின்னர் அடுத்த தலைமுறையிடம் ஏறக்குறைய மறைந்தது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சியாக, அக்கலையை நினைவில் வைத்திருந்த மூத்த ஸ்திரீகளிடம் இளையவர்கள் மீண்டும் பயின்று, போர்கை என்னும் பெயரால் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். அச்சொல்லுக்கு அவர்கள் பாஷையில் பெருமிதம் என்று பொருள். வெறும் நீலத் தொப்பியின் சுற்றுப்பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு அத்தகைய வேலைப்பாடு ஒன்று இருந்தால் அதன் மதிப்பே வேறு. ஆனால் அதனைப் பார்த்துப் போலியாகச் செய்வது தகாது. அவர்களிடமே கூலி கொடுத்துப் பட்டைகளைத் தருவித்துக் கொள்வதுதான் முறை. அது இயலாதவர்க்குப் பழைய சேலையின் கரையே போதிய அலங்காரம். சுங்கடிச் சேலையின் முந்தானையும் கட்டம் போட்ட லுங்கியும் வெளியூரார் கண்ணுக்கு மிகவும் புதுமையாகத் தோன்றுகின்றன என்பதை நம்மவர் உணர்வதில்லை.

விற்பனைக்கு முதலிடம் ஒகேனக்கல். கோடையிலும் ஆடிப் பெருக்கிலும் பரிசல் ஏறக் காத்திருக்கும் ஜனங்களுக்கு நிழல் குறைவு. நனைந்தாலும் கெடாத, மடித்துப் பையில் வைக்கத்தக்க தொப்பிக்கு அங்கே தேவை உண்டு. அவர்களுக்கு விளிம்பு 6 செ.மீ. இருந்தால் போதும், நகரத்தார் விரும்பும் அளவும் அதுவே. ஒவ்வொன்றையும் விற்குமுன் மூன்று தடவை துவைத்து உலர்த்திப் பார்த்த மாதிரி ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே தைக்கும் சிறு சீட்டில் சங்கத்தின் பெயரையும் அளவையும், இது பழந்துணியால் ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதுக. சித்திரை வெயிலுக்கு விற்க வேண்டுமானால், பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்துப் பழையன கழிக்கும் நாட்களிலேயே துணி சேர்த்தாக வேண்டும். அவ்வாரத்தில் பாத்திரக்காரரும் நம் தெருக்களில் வருவார். அவருக்கு முன்னே சங்கத்தார் ஒரு சாக்கையும் தராசையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பெற்றுக்கொண்ட துணிக்கு எடை போட்டு ரசீது கொடுப்பது நலம்.